அம்மாவின் மறதி



பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பின்னரே பாலை வைத்த நினைவு வருகிறது. சாம்பாரில் இன்று உப்பு இரு முறை விழுகிறது; நாளை ஒரு முறைகூட விழுவதில்லை. பீரோச் சாவியைத் தேடி வீடெல்லாம் அலைந்தால், அது இடுப்பிலேயே செருகியிருக்கிறது. நாத்தனாரின் மூத்த மகன் எதிரே வந்து நிற்கிறான். தூக்கி வளர்த்த அப்பிள்ளையின் பெயர் நாவில் வரவில்லை. கூடத்திலிருந்து அடுக்களைக்கு விரைந்து வந்தபின், எதற்காக வந்தோம் என்று தெரியாமல் திகைத்து நிற்க நேர்கிறது. 45 வயதைக் கடந்த தாய்மார் பலருக்கு இவையெல்லாம் அன்றாட அனுபவங்கள்.

இதைக் கண்டு வீட்டார் நகைப்பதுண்டு, சினப்பதும் உண்டு. "அம்மாவுக்கு வயதாகிவிட்டது" என்று பிள்ளைகள் கேலி பேசுகின்றனர். "உன் புத்தி எங்கே போயிற்று?" என்று கணவர் கடிந்துகொள்கிறார். அப்பெண்மணியோ வாய் திறப்பதில்லை. அவர் உள்ளத்தை ஓர் அச்சம் அரித்துக்கொண்டிருக்கிறது. தம் மாமியார் இறுதி ஆண்டுகளில் பெற்ற மக்களையே அடையாளம் அறியாது கிடந்ததை அவர் கண்டிருக்கிறார். அவருக்குப் பணிவிடையும் செய்திருக்கிறார். 'எனக்கும் அதுதான் தொடங்கிவிட்டதோ?' என்னும் எண்ணம் இரவில் அவரை உறங்க விடுவதில்லை. யாரிடமும் சொல்லப்படாத இந்த அச்சத்தைக் குறித்தே இத்திங்கள் உங்களோடு உரையாட விரும்புகிறோம்.

இம்மறதி, பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒட்டி வருவது. இப்பொருளைக் குடும்ப இதழில் வெளிப்படையாக எழுதலாமா எனச் சிலர் தயங்கக்கூடும். ஒரு தாயின் மனஅமைதியைக் குலைக்கும் எதுவும் குடும்ப இதழுக்குப் புறம்பானதன்று என்பதே நம் கருத்து.

பெயரில்லாப் பருவம்

நம் இலக்கிய மரபு பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாக வகுத்தது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என உலா நூல்களைப் பயின்றோர் அவற்றை வரிசையாகச் சொல்வர். இறுதியான பேரிளம்பெண் பருவம் 32 முதல் 40 வயது வரை என்பது வழக்கமான கணக்கு. அதற்குப் பின் என்ன? பெயரே இல்லை, 40 வயதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. இன்று மருத்துவ உலகம் வழங்கும் 'மெனோபாஸ்' என்னும் சொல்லுங்கூட மிகப் பழையதன்று. தெ கார்தான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1821ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் தலைப்பில் அச்சொல்லை இட்டார். நம் இல்லங்களிலோ, "நின்றுவிட்டது" என்னும் ஒரு சொல்லோடு, அதுவும் தாழ்ந்த குரலில், பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46 அல்லது 47 வயதளவில் மாதவிடாய் நிற்கிறது. மேனாடுகளில் இது 51 வயதளவில் நிகழ்கிறது. நம் நாட்டுப் பெண்களின் சராசரி ஆயுளோ இன்று 70 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. பெயரிடப்படாத இப்பருவத்தின் வாயிலில் நிற்கும் பெண்ணுக்கு முன்னால் கால் நூற்றாண்டு வாழ்வு காத்திருக்கிறது. அதனை அச்சத்தோடு தொடங்கலாகாது.

உடலில் நிகழ்வது என்ன?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதென மருத்துவர் கொள்வர். ஆனால், உடலின் மாற்றம் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் ஒரு சீராகக் குறைந்து வருவதில்லை. சில நாள் மிகுந்தும் சில நாள் தாழ்ந்தும் ஏறியிறங்கி, பின்னரே அடங்குகிறது. மறதி மிகுதியாக வாட்டுவது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கக் காலத்திலேயாகும்.

ஈஸ்ட்ரோஜன் கருப்பையோடு மட்டும் தொடர்புடையதென்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. புதிய செய்திகளை நினைவில் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியும், கவனத்தையும் திட்டமிடுதலையும் நடத்தும் முன்மூளைப் பகுதியும் அந்த ஹார்மோனின் தூண்டுதலை ஏற்பவை. மூளை தனக்கு வேண்டிய குளுக்கோஸைப் பயன்படுத்திக்கொள்வதிலும் அதற்குப் பங்குண்டு. ஆகவே, அச்சுரப்பு தடுமாறும்போது மூளையின் வேலையும் சற்றே தடுமாறுகிறது. ஆட்களின் பெயர்கள், வேண்டிய நேரத்தில் வேண்டிய சொல், சற்று முன் கேட்ட செய்தி ஆகியவையே முதலில் நழுவுகின்றன.

இதனோடு உறக்கக் கேடும் சேர்ந்துகொள்கிறது. திடீரென முகமும் மார்பும் கொதித்து உடல் வியர்வையில் நனைகிறது. சற்று நேரத்தில் குளிர்ந்துவிடுகிறது. இரவில் இவ்வாறு இரண்டு மூன்று முறை விழித்தெழுபவர் காலையில் தெளிந்த அறிவோடு வேலை தொடங்குவது எங்ஙனம்? காரணமின்றி வரும் கலக்கமும் எரிச்சலும் கவனத்தை மேலும் சிதறடிக்கின்றன. மேனாட்டார் இந்நிலையை, மூளையில் மூடுபனி கவிந்தாற்போல என்பர். நம் பெண்களோ, "தலை ஓடவில்லை" என்றும் "புத்தி மந்தமாயிருக்கிறது" என்றும் சொல்வர். ஆண்டுதோறும் அக்டோபர் 18ஆம் நாள் உலக மெனோபாஸ் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டில் அந்நாளுக்கெனத் தேர்ந்துகொள்ளப்பட்ட பொருள், இப்பருவத்துப் பெண்களின் அறிவாற்றலும் மனநிலையுமே.

அஞ்சற்க

அமெரிக்க நாட்டில் 1990களின் நடுவில் 'ஸ்வான்' என்னும் பெயரால் ஓர் ஆய்வு தொடங்கப்பெற்றது. ஏழு இடங்களைச் சேர்ந்த 3,302 பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த பேராய்வு அது. அவர்களுள் 2,362 பேரின் நினைவாற்றலை நான்கு ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்த்த முடிவுகள் 2009இல் வெளியாயின. ஒரே சோதனையைப் பன்முறை எழுதினால் பழக்கத்தினால் மதிப்பெண் கூடுவது இயல்பு. மாதவிடாய் நிற்கும் நிலையை நெருங்கிக்கொண்டிருந்தோருக்கு அவ்வாறு கூடவில்லை. ஆனால், அந்நிலையைக் கடந்தோருக்கு அது மீண்டும் கூடியது. இடைக்காலத்தில் கற்கும் திறன் தளர்கிறது. அப்பருவம் கடந்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதே அவ்வாய்வு சொல்லும் செய்தி.

முதுமையில் வரும் மறதிநோய், அதாவது டிமென்ஷியா, 65 வயதுக்கு முன் தோன்றுவது அரிது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் நலம். ஒருவர் பெயர் வாயில் வராமல் அரைமணி கழித்துத் தானாக நினைவுக்கு வருவது வேறு. அவர் யாரென்றே தெரியாமற்போவது வேறு. சந்தையில் வாங்க வேண்டிய பொருளொன்றை மறப்பது வேறு. நாள்தோறும் சென்றுவந்த சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது வேறு. கேட்ட கேள்வியையே சற்று நேரத்துக்கொரு முறை கேட்டல், பல்லாண்டு செய்த சமையலின் முறையே தெரியாமற்போதல், பணத்தை எண்ணுவதில் குழப்பம், இயல்பான குணம் திடீரென மாறுதல் ஆகியவை காணப்பட்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடவேண்டும். 'மறந்துவிட்டேனே' என்று தாமே உணர்ந்து வருந்தும் நிலை பெரும்பாலும் அந்நோயைச் சேர்ந்ததன்று.

மருத்துவர் காண வேண்டியவை

ஆசிரியை ஒருவரை நாம் அறிவோம், வயது 48. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பிப்பவர். கரும்பலகையில் எழுதிய கணக்கு ஒருநாள் பாதியில் நின்றுவிட்டது. அடுத்த படி நினைவுக்கு வரவில்லை. மாணவியரின் பெயர்களும் நழுவத் தொடங்கின. "வேலையை விட்டுவிடலாமென்று இருக்கிறேன், சாமி. பிள்ளைகள் முன்னால் தலைகுனிவதைவிட அது மேல்" என்றார். "வீட்டில் சாரிடம் சொன்னீர்களா, அம்மா?" என்று வினவினோம். "சொன்னால் அவர் பயந்துவிடுவார்" என்பதே விடை. முதலில் மருத்துவரைக் காணுங்கள், விலகல் கடிதத்தைப் பிறகு எழுதலாம் என்றோம். இரத்தத்தைச் சோதித்ததில் தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் தெரியவந்தன. மருந்து உட்கொண்டு சில திங்களில் பெரிதும் தெளிவு பெற்றார். முழுவதும் தீர்ந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை; பெயர்கள் இன்னும் அவ்வப்போது நழுவத்தான் செய்கின்றன. வருகைப் பதிவேட்டை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார். பணியிலும் தொடர்கிறார்.

இதிலிருந்து நாம் கற்பது ஒன்றுண்டு. எல்லா மறதியையும் இப்பருவத்தின் தலைமேல் போட்டுவிடலாகாது. தைராய்டு சுரப்புக் குறைவு பெண்களிடையே மிகுதி. மாதவிடாய் நிற்குமுன் சிலருக்கு உதிரப்போக்கு அளவு கடந்து இரத்தசோகை உண்டாகிறது. மரக்கறி உணவு மட்டுமே கொள்வோருக்கும், சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோருக்கும் வைட்டமின் பி12 குறையக்கூடும். சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், மனச்சோர்வு ஆகியவையும் நினைவைக் கெடுப்பவை. தூக்க மாத்திரைகளும், சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் சில மாத்திரைகளும் மறுநாளும் மந்தத்தை உண்டாக்கும். ஆகவே, உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவது நலம். அவர் சொல்லாமல் எதையும் தாமாக நிறுத்தலாகாது.

ஹார்மோன் மருந்தைப் பற்றியும் பலர் வினவுகின்றனர். அமெரிக்காவில் நடந்த பெரும் ஆய்வொன்றின் கிளை 2003இல் வெளியிட்ட முடிவின்படி, 65 வயதும் அதற்கு மேலுமான பெண்கள் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த மருந்தை உட்கொண்டபோது மறதிநோய் குறையவில்லை. மாறாக, அவ்வபாயம் இரு மடங்காயிற்று. அதன்பின் உலகெங்கும் பெண்கள் அம்மருந்தைக் கண்டு அஞ்சினர். இன்று மருத்துவர்கள் நிதானமாகப் பேசுகின்றனர். 60 வயதுக்கு உட்பட்டோருக்கு, அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகள் ஆகாதோருக்கு, உடற்கொதிப்பு தாங்கவொண்ணாததாயின் மருத்துவரின் கண்காணிப்பில் அது நன்மை தரும். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்குப் பொதுவாக ஏற்றதன்று. மறதி ஒன்றை மட்டும் முன்னிட்டு உட்கொள்வதற்குரியதும் அன்று. ஆயினும் கொதிப்பு தணிந்து உறக்கம் சீர்ப்பட்டால் நினைவும் தெளியக்கூடும்.

"கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாத் தொல்லையும் தீரும்" என்னும் அறிவுரை நம் ஊர்களில் மலிந்துள்ளது. கர்ப்பப்பையோடு இரு சூலகங்களையும் எடுத்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் மெல்ல வரவேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்துவிடுகிறது. ஆகவே, எதற்காக எடுக்கின்றனர், சூலகங்களையும் எடுக்கின்றனரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின் கையொப்பமிடுவதே முறை.

வீட்டின் நினைவு யாருடையது?

இனி, குடும்பத்தார் அனைவரையும் நோக்கிச் சில சொற்கள். கேஸ் உருளை பதிவு செய்யும் நாள், கரண்ட் பில் கட்டும் கெடு, பால் கணக்கு, பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம், ரேஷன் கடையில் சர்க்கரை போடும் நாள், கணவரின் இரத்த அழுத்த மாத்திரை, மாமனாரைக் கண் மருத்துவரிடம் கூட்டிச் செல்லும் தேதி, எந்த வீட்டுத் திருமணத்தில் யார் எவ்வளவு மொய் எழுதினார் என்ற கணக்கு, இறந்தோரின் நினைவு நாட்கள் – இவை யாவும் எங்கே எழுதி வைக்கப்பட்டுள்ளன? பெரும்பாலான இல்லங்களில் ஒரு பெண்ணின் தலைக்குள் மட்டுமே. ஐவர் வாழும் வீட்டில் ஐவருக்கும் வேண்டிய நினைவை அவர் ஒருவரே சுமக்கிறார். மகளின் திருமணம், மகனின் தேர்வு, மூத்தோரின் நோய் என அச்சுமை உச்சத்தை எட்டும் அதே ஆண்டுகளில் அவருடைய உடலும் மாறுகிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக ஒன்றையும் மறவாதிருந்ததற்கு அவரை எவரும் பாராட்டவில்லை. முதன்முறை மறந்த அன்றோ வீடு முழுவதும் அதனைக் கண்டுகொள்கிறது.

ஆகவே, சுமையைப் பங்கிடுக. கணவர் தம் மாத்திரைகளைத் தாமே எடுத்து உண்ணட்டும். பெற்றோரின் மருத்துவ நாட்களைத் தாமே பார்த்துக்கொள்ளட்டும். கேஸ் பதிவையும் மின்கட்டணத்தையும் மகன் தன் கைப்பேசியில் முடிக்கட்டும். பெரிய கட்டங்கள் உள்ள மாத நாட்காட்டி ஒன்றை அடுக்களைச் சுவரில் மாட்டுங்கள்; அவரவர் வேலையை அவரவரே தம் கையால் அதில் எழுதட்டும். மாமியார்களுக்கும் ஒரு விண்ணப்பம்: நீங்களும் இதே பருவத்தைக் கடந்து வந்தவர்கள். "எனக்கும் அப்படித்தான் இருந்தது, பிறகு சரியாகிவிட்டது" என்று மருமகளிடம் சொல்லுங்கள். மருத்துவரின் ஆறுதலைவிட அது வலிமையுடையது.

தாய்மாரே, நீங்கள் செய்யத்தக்கவையும் உண்டு. சாவிக்கு ஓர் ஆணி, மூக்குக்கண்ணாடிக்கு ஓரிடம் என நிலைப்படுத்துங்கள். அடுப்பில் ஏதேனும் இருக்கையில் அடுக்களையை விட்டு அகலும்படி நேர்ந்தால் தீயை அணைத்துவிட்டுச் செல்லுங்கள். புதிதாக அறிமுகமானவரின் பெயரை அப்போதே இருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு வேலையை முடித்தபின் மறு வேலையைத் தொடுங்கள். மாலை நான்கு மணிக்குப் பின் காப்பி, தேநீரைத் தவிர்த்தால் உறக்கம் எளிதில் வரும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமேனும் உடலுழைப்பு வேண்டும் என்கிறது; நாள்தோறும் அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் விரைந்து நடந்தால் போதும். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு, மறதிநோய்க்கு வழிகோலும் 14 காரணங்களைக் களைந்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், காது கேளாமை, உடலுழைப்பின்மை, தனிமை ஆகியவை அவற்றுள் சில. இவற்றைக் கவனிக்கத் தொடங்குவதற்கு நடுவயதே உரிய காலம். ஆகவே, மறதிக்கு நாணிக் கூட்டங்களைத் தவிர்த்து வீட்டுக்குள் ஒடுங்கிவிடாதீர்கள். மாதர் சங்கத்துக்கும் உறவினர் வீட்டுக்கும் முன்போலவே செல்லுங்கள்.

மறதி குற்றமா?

திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை; மறதியைக் கடிவது. ஆனால், வள்ளுவர் அங்கே கடிவது மகிழ்ச்சி மிகுதியாலும் செருக்காலும் கடமையை மறக்கும் சோர்வை. உடல் மாற்றத்தால் வரும் மறதி அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதற்காக ஒரு தாயைக் குற்றவாளிபோல் நடத்துவது நீதியாகாது. அவர் தம்மைத்தாமே அவ்வாறு எண்ணிக்கொள்வதும் வேண்டுவதன்று.

செபமாலை சொல்லுகையில் கவனம் சிதறுகிறது, எந்தத் தேவ இரகசியத்தில் இருக்கிறோமென்பதே மறந்துபோகிறது, பக்தி குறைந்துவிட்டதா என்று கலங்கும் தாய்மார் சிலர் உண்டு. அம்மா, அம்மாலையைச் சற்று உற்றுப் பாருங்கள். மனிதர் எண்ணிக்கையை மறப்பவர் என்பதனாலன்றோ மணிகளைக் கோத்தனர்! விரல் மணியைப் பற்றியிருந்தால் போதும். எண்ணிக்கையை மாலை பார்த்துக்கொள்ளும். செபத்துக்கு ஒரு துணைக்கருவி இழுக்கன்று எனில், அடுக்களைக்கு ஒரு நாட்காட்டி மட்டும் எப்படி இழுக்காகும்?

இத்திங்கள் ஒவ்வொரு கணவரும் செய்ய வேண்டுவது ஒன்றே. இன்றிரவு உணவு முடிந்து பிள்ளைகள் எழுந்து சென்றபின், மனைவியோடு சற்று அமர்ந்திருங்கள். "இப்போதெல்லாம் உனக்கு மறதி அதிகமாக இருக்கிறதா? இராத்திரி சரியாகத் தூக்கம் வருகிறதா?" என்று பரிவோடு கேளுங்கள். அவர் சொல்வதை இடைமறியாது கேளுங்கள். பிறகு, "இனி எதையெல்லாம் நான் பார்த்துக்கொள்ளட்டும்?" என்று வினவி, அவர் சொல்பவற்றை ஒரு தாளில் உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.